பூட்டனுக்குப் பக்கத்து இடம்

வண்ணார்பேட்டையிலிருந்து சாத்தான்குளம் போகும் பேருந்து. டேப்பில் கேசட் சிக்கிப் பாட்டு நின்றிருந்ததால், முன் இருக்கைப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் பேசியது நன்றாகக் கேட்டது.

"எங்க லுத்தரன் சபை ஒரு பொணத்தால உண்டானது வே."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய?"

"எங்க பூட்டன் காலராவுல செத்தாரு. அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போனவருன்னு, அப்ப நாங்களும் இருந்த உங்க பெரிய சபையில குழி வெட்ட விடல. அந்த வழியா வந்த லுத்தரன் உபதேசியாருதான் தன் கையால பொதைச்சாரு. எங்க தெருவே அவரு பின்னால போயிட்டு. சபை நூத்தாண்டு விழாவுல இத என்னைய வாசிக்கச் சொல்லியிருக்காவ."

"நல்ல காரியந்தான?"

"நல்ல காரியந்தான். எங்க தெரு டெய்சி இன்னைக்குச் செத்துக் கெடக்கா. இந்துப் பையனக் கட்டினவளுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்லன்னு எங்க கமிட்டி சொல்லிட்டு."

பெரியவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பூட்டன் பக்கத்துல எனக்குன்னு ஒதுக்குன எடம் இருக்கு. அங்கன அவள வைக்கப் போறேன்."

"கமிட்டி மறிச்சா?"

"மறிக்கட்டும். பொறவு வரலாற அவங்களே வாசிச்சுக்கிடட்டும். எனக்கு அலுத்துப் போச்சு."

"குழி வெட்ட ஆளு?"

"ஒருத்தனும் வர மாட்டேங்கான். நாந்தான் வெட்டணும்."

பெரியவரின் ஊர் வந்தது. அவர் மெல்ல எழுந்தார். சாத்தான்குளத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்த மற்றவரும் எழுந்துவிட்டார்.

"நான் பெரிய சபைக்காரன். வரலாமா அண்ணாச்சி?"

"குழி வெட்டத்தான வே? வாரும்."