நாற்பது டிகிரி

இம்ரான் வாடகைக்குக் கொண்டுவந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை, டெஸ்மண்ட் அத்தான். நாளைக்கு அவர் கடைக்குப் போய்ச் சத்தம் போட வேண்டாம். லிஃப்ட் பழுதாகிக் கிடந்த அன்று அதைத் தோளில் சுமந்து மாடியேறி வந்தவர் அவர். அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் இவ்வளவு பேசி நீங்கள் கேட்டதில்லை. என்னிடம் நீங்கள் எதுவும் கேட்டதும் இல்லை.

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியபோது, பார்த்துக்கொள்ள என்னைப் பைராம் தோட்டத்திலிருந்து வரவழைத்தீர்கள். பார்க்க வந்த ஜெபக்குழுப் பெண்களிடம் அத்தை என்னை இப்படித்தான் அறிமுகம் செய்தார்: “தம்பி சூசை மக. ஸ்கூலுக்குப் போன்னா அழுவுது, வேலைக்குப் போன்னா ஒளிஞ்சுக்குது. என் காலு நல்லாவுற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் தோட்டத்துக்கே அனுப்பிடுறேன்லா, அவங்கப்பனுக்குச் சோறாக்கட்டும்.” அவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன்.

மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று இம்ரான் எனக்குத்தான் காட்டினார். காலைத் தொட்டிலில் வைத்துப் பட்டையால் கட்ட வேண்டும். மோட்டார் முழங்காலை மெல்ல மடக்கும், மெல்ல நீட்டும். எவ்வளவு மடக்க வேண்டும் என்பதை ரிமோட்டில் வைக்க வேண்டும். “நாப்பதுல ஆரம்பிங்க தங்கச்சி. தெனமும் கொஞ்சம் ஏத்தணும். வலிக்கும், கத்துவாங்க. நீங்க மொகத்தப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க” என்றார். இந்தக் கதையில் புத்தியுள்ள ஒரே பேச்சு அதுதான்.

முதல் நாள் நாற்பது வைத்தேன். மறுநாள் ஏற்றியபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜோவான்மா, வேணாம்மா” என்றார். அதுவரை நான் ‘அது’. என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பவும் நாற்பதுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு நான் ஏற்றவே இல்லை.

கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்களை எல்லாம் கொஞ்சம் உயர்வாக நினைத்துவிட்டேன்.

“இன்னிக்கு எவ்ளோ?” என்று அத்தை படுத்தபடியே கேட்பார். ரிமோட் கட்டிலில் என் பக்கத்துக் கம்பியில் தொங்கும். “எழுபது அத்தை” என்பேன். உடனே உங்களுக்கு வீடியோ கால் போடுவார். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வீர்கள். சத்தம் எப்போதும் கேட்டது. அந்த விஷயத்தில் நான் ஏமாற்றவில்லை.

ஜெபக்குழுப் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, கால் மேலே போவதையும் கீழே வருவதையும் வாய் பிளந்து பார்த்தார்கள். கீழ்வீட்டுத் தனலெட்சுமி அக்கா, புண் ஆறும் என்று விரால் மீன் சூப் கொண்டுவருவார்.

“வலிக்குதாக்கா?”

“ஜோவான் வச்சா வலிக்கவே மாட்டேங்குதுலா. ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு வளச்சா பாரு, உசுரே போச்சு.”

“கைராசிக்கா இந்தப் புள்ளைக்கு. எனக்கு முட்டி போச்சுன்னா இவளத்தான் கூப்புடுவேன்.”

“நீ வேற. இவள நான் எங்கயும் அனுப்புறதா இல்ல.”

வலிக்கவில்லை என்றால் குணமாகிறது என்று இவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தியாவது எழுந்து வந்து ரிமோட்டைப் பார்க்கவில்லை. படித்தவர்கள், பேங்கில் வேலை பார்த்தவர்கள், சர்ச்சில் மைக் பிடித்து வாசகம் வாசிப்பவர்கள். என்னை மக்கு என்றவர்களும் இவர்கள்தான்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது, கால் நீட்ட வராமல் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அத்தை தலையணை கேட்டார். வைத்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அத்தைக்குப் போக மனமில்லை. “வீட்டிலேயே மெஷின் போடுகிறோம்” என்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறு என்று நான் சொன்ன அன்று அத்தை அழுதார். “இந்தத் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் மலையில நடந்தே ஏறுறேன். மேல போயி முழங்கால் போட்டு வேண்டிக்குறேன். உனக்காவும் வேண்டிக்குறேன்மா.” அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். கால் அப்போதும் நாற்பதில்தான் போய்வந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டாக்டர் மடக்கிப் பார்த்தார். கால் கட்டை மாதிரி நின்றது. மெஷின் எவ்வளவு மடக்கியது என்று கேட்டதற்கு, “தொண்ணூத்தஞ்சு டாக்டர்” என்று அத்தை பெருமையாகச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. மெஷின் பழுதாக இருக்கும் என்றார். நீங்களும் உடனே நம்பிவிட்டீர்கள். இம்ரான் மேல் கோபப்படுவது சுலபம்தானே.

மயக்க மருந்து கொடுத்து, உள்ளே ஒட்டிக்கொண்டதைப் பிய்த்து மடக்கப் போகிறார்கள். அப்படிச் செய்தாலும் மலையேற முடியும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. முழங்கால் போடுவதை மறந்துவிடச் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

தோட்டத்துக்குத் திரும்பப் பயந்து செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. அத்தைக்கு நடக்க முடிந்த காலம் முழுக்க அவருக்கு மனிதர்கள் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது. அதில் அவருக்குத்தான் லாபம்.

கேட்கிறதா? கூப்பிடுகிறார். “ஜோவான்மா” என்கிறார் பாருங்கள். மகன் வந்து இரண்டு நாளாகிறது, உங்களைக் கூப்பிடவில்லை.

காலை மடக்கிவிட்ட பிறகு மறுபடி மெஷின் போட வேண்டியிருக்கும். இம்ரான் அதைத் திரும்பக் கொண்டுவரும்போது ரிமோட்டை என்னிடமே கொடுக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் உள்ளே போய் அத்தையையே கேளுங்கள். ஆஸ்பத்திரியிலும் சரி, இந்த வீட்டிலும் சரி, அவருக்கு ஒரு நாளும் வலிக்கவிடாதவள் நான் ஒருத்திதான்.