மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

ஆம்பூரில் ஒரு பெரியவரை அவர் தங்கை கைபிடித்து ரயிலில் ஏற்றினாள். தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவராம். எனக்கு எதிரே உட்கார்ந்ததும் தங்கையிடம் சொன்னார்:

“மாப்பிள்ளை கையெழுத்து போட்டதாலதான் என் பொண்ணுக்கு வீடு இல்லாம போவப் போவுது.”

இதைக் கேட்ட பிறகு யாரால் வேறு பக்கம் திரும்ப முடியும்?

“இன்னாண்ணா சொல்ற? உயில்ல வீடு அவளுக்குன்னுதானே எழுதின?”

“எழுதினேன். சாட்சிக்கு அவ புருஷனையே கூப்ட்டேன். சர்ச்சுல கல்யாணம்னா சொந்தக்காரங்கதானே சாட்சி போடறாங்க? அதே நெனப்பு. நம்ம கிறிஸ்தவங்க சட்டப்படி சாட்சி போட்டவனுக்கோ அவன் பொண்டாட்டிக்கோ அந்த உயில்ல எழுதினது செல்லாதாம். பாதிரியார் இப்பதான் சொல்றாரு.”

“ஐயோ, உன் பெரிய புள்ள பங்கு கேப்பானே!”

“கேப்பான். என்னைக் குளிப்பாட்டி சோறு போடறவ அவன்கிட்ட கெஞ்சிக்கினு நிப்பா. எழுதறதுக்கு முன்னாடியே வேலூர் வக்கீல்கிட்ட போயிருக்கணும். நம்ம வீட்டு விஷயத்துக்கு வக்கீல் எதுக்குன்னு இருந்துட்டேன்.”

“நீ உயிரோட இருக்கறப்பவே தெரிஞ்சுதே, அது போதும். புதுசா எழுதலாம். சாட்சி நான் போடறேன். எனக்குத்தான் நீ ஒண்ணும் எழுதலியே.”

“நீ வேணாம்.”

“ஏன், நான் போட்டா இன்னா?”

“வேணாம்னா வேணாம். அப்புறம் அதுவும் செல்லாமப் போயிடும்,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காட்பாடி வரும்வரை அந்த அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.