சனிக்கிழமை இறங்கும் காற்று

ஞாயிறு காலை, சுங்கை பட்டாணியிலிருந்து குருண் போகும் பஸ். எனக்கு முன்னால் இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள். ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். ஆனால் ஜன்னலோரம் இருந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார்:

“அவர் சைக்கிள் டயர்ல காத்தை இறக்கிவிட்டது நான்தான்க்கா.”

“உன் வீட்டுக்காரரு சைக்கிளா? ஏன்டி?”

“நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு லா. டாக்டர் ஓட்டலாம்னுட்டாரு, எனக்குத்தான் பயம். சனிக்கிழமை சாயங்காலமானா இறக்கி விட்டுருவேன். காலையில இவரு டியூப்பைக் கழட்டி ஓட்டை தேடுறதுக்குள்ள கூட ஓட்டுறவங்க எல்லாம் கிளம்பிருவாங்க.”

“பாவம்டி. கண்டுபிடிக்கலையா?”

“நேத்து போய்ப் பாக்குறேன், ரெண்டு டயரும் ஏற்கனவே தட்டையா கிடக்கு. பின்னாடியே வந்து நிக்கிறாரு. ‘நானே இறக்கிட்டேன். உனக்கு முட்டி வலி, குனிய வேணாம்’னாரு.”

அக்கா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்புறம்?”

“இன்னிக்குக் காலையில நானே பம்ப் அடிச்சுக் குடுத்தேன். குருண் ரோட்டுல பாதி தூரம் வரைக்கும்தான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.”

“அதான் பின்னாடியே பஸ் ஏறிட்டியா?”

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சாலையோரம் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் தனியாக சைக்கிள் மிதித்துப் போவது தெரிந்தது. முட்டி வலிக்காரர் சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டார்.