ஆபத்துக்கு வைத்த தண்ணீர்

மழைத் தண்ணீருக்கு ருசி இல்லை என்பார்கள். அது உவர் குடித்து நாக்குத் தடித்தவர்கள் சொல்லும் கதை. கூரை ஓட்டைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து கூரைப் பீலியைத் தொட்டிப் பக்கம் திருப்பி, மூடி போட்டு இருட்டில் வைத்திருந்தால், மாரியில் பிடித்த தண்ணீர் ஆடியிலும் இளநீர் போல இருக்கும். நீங்களும் ஒரு மிடறு குடித்துப் பார்த்திருக்கலாம், ஐயா. இப்போது தொட்டி காய்ந்து கிடக்கிறது.

நான் தியாகலிங்கம். மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து, யுத்தத்துக்கு முன்னமே அரியாலைக்குத் திரும்பியவன். என்ஜினுக்குத் தண்ணீர் வார்க்கும் தொட்டிகளின் நிழலில் என் உத்தியோகம் கழிந்தது. தண்ணீர் இல்லாத ஸ்டேசனில் எவ்வளவு பெரிய ரயில் கோச்சியும் செத்த மாடுதான். அந்தப் பாடத்தோடுதான் ஊருக்கு வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குளிக்கலாம், துணி தோய்க்கலாம். பினாங்கிலிருந்து நான் கொண்டுவந்த குரோட்டன்களுக்கு வார்த்தால் இலை கருகிவிடும். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு தூரக் கிணற்றுக்கு நடப்பார்கள். நான் வாசல் படலையடியில் கல்லும் சீமெந்துமாக ஒரு பெரிய தொட்டி கட்டி, அடியில் பித்தளைக் குழாய் பூட்டினேன். செடிகளுக்கு அளந்து வார்ப்பேன். மிச்சம் ஆபத்துக்கு.

ஊருக்கு அது பகிடியாகப் போயிற்று. பக்கத்து வளவுச் சண்முகநாதன் வேலிக்கு மேலால் தலையை நீட்டுவான்.

"ஸ்டேசன் மாஸ்டர், கோச்சி எப்ப வருகுது? சொன்னியளெண்டால் நானும் ஏறுவன்."

"இவர் தேங்கின தண்ணியில நுளம்புக்கெல்லோ துறைமுகம் கட்டி வைச்சிருக்கிறார்," என்பான் தெருவில் போகிற ஒருவன்.

நான் கோபிக்கவில்லை. பங்குனிக் கடைசியில் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், பிறகு திருகோணமலையில் போட்டான். வீட்டுக்கு வீடு தண்ணீரும் மணலும் வைக்கச் சொல்லி ஊர் அதிகாரி விதானையார் சொல்லிக்கொண்டு போனார். இனி எல்லாரும் என் படலைக்கு வருவார்கள் என்று இருந்தேன். குண்டு யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. சண்முகநாதன் மறுபடியும் கோச்சி கேட்கத் தொடங்கினான்.

அவனுடைய மகள் பாலேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் சொன்னாள்: "மாமா, எங்கடை வளவு முழுக்கக் கிடுகும் ஓலையும். பத்திச்சுதெண்டால் உங்கடை தண்ணிதான் எங்களுக்குத் தஞ்சம்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என்னை நம்பிய ஒரே ஆள் அவள் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது.

ஆடியில் கோயில் தேர். விடியப் பூசைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு நான் திரும்பிவிட்டேன். அயலில் குஞ்சு குருமான் இல்லை. என் மனைவி குணலட்சுமியும் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்க்கப் போய்விட்டாள். சோளகக் காற்று வேலியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தேர் வடக்கு வீதிக்கு வந்ததற்கு மேளம் மாறியபோது, சண்முகநாதனின் பின்வளவு வேலியில் நெருப்புப் பிடித்தது. வேலியிலிருந்து அதையொட்டி நின்ற ஓலைக் கொட்டிலுக்குத் தாவியது.

அடுப்புத் தணல் பறந்திருக்கும் என்று நீங்கள் விசாரணைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். கொளுத்தியது நான்.

கெட்ட எண்ணம் இல்லை. ஒரு கொட்டில், இரண்டு நாளில் வேய்ந்துவிடலாம். புகையைக் கண்டு சனம் தேர்வடத்தை விட்டு ஓடிவரும். வந்து பார்த்தால் நெருப்பு அணைந்திருக்கும், நான் வாளியோடு நிற்பேன். அதற்குப் பிறகு யாரும் கோச்சி கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குழாயைத் திறந்தேன். அது இருமியது. கொஞ்சம் சேறு வந்தது, பிறகு காற்று வந்தது.

குணலட்சுமி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்சருங்கோ, தண்ணியை விடியவே பந்தலுக்கெல்லோ குடுத்தனான். சண்முகநாதன் வண்டில் கொண்டுவந்து பீப்பாயில பிடிச்சவன். கேட்டால் விடமாட்டியள் எண்டுதான் நீங்கள் பூசைக்குப் போன நேரமாய்ப் பாத்து..."

பந்தலில் குடித்தவர்கள் எல்லாரும் ஆருடைய தண்ணீர் என்று கேட்டுக் கேட்டுக் குடித்தார்களாம். தியாகலிங்கத்தாற்றை தொட்டித் தண்ணி, அமிர்தம் என்று சண்முகநாதனே வாய்நிறையச் சொல்லி வார்த்தானாம். நான் நெருப்புக்குச்சியை உரசிய அதே நேரத்தில், ஐயா. எனக்குத் தெரிந்திருந்தால் வீட்டில் பேசாமல் இருந்திருப்பேன்.

இன்னுமொன்று திருத்த வேண்டும். கொட்டிலில் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது என்று ஊரார் எனக்காகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பிளைகளுக்கு அது எப்படித் தெரியும் என்றுதான் அவர்களுடைய நியாயம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தூரமான பெண் அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, வீட்டுக்குள்ளும் புழங்குவதில்லை. ஒதுக்கிவிட்ட கொட்டிலில் பாயும் செம்புமாக இருப்பாள். அதை யாரும் வாய்விட்டுக் கதைப்பதும் இல்லை.

ஆனால் அன்று காலை பாலேஸ்வரி வேலிக்கு அப்பாலிருந்து என்னோடு கதைத்தாள்.

"மாமா, தேருக்கு நிக்கேல்லையோ?"

"கும்பிட்டிட்டு வந்திட்டன், பிள்ளை. நீ?"

"எனக்கு ஏலாது, மாமா. மேளத்தை எண்டாலும் கேப்பம்."

ஆகவே எனக்குத் தெரியும். வெறும் கொட்டிலை அணைத்தால் ஊர் ஒரு கிழமைக்குக் கதைக்கும். ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றினால் ஆயுளுக்கும் கதைக்கும். அவளும் என்னை நம்பினாள். கொட்டிலின் வாசல் தட்டி இருந்த பக்கத்து வேலியில்தான் நெருப்பு வைத்தேன். வழி இருந்தால் அவள் தானாகவே வெளியே வந்திருப்பாள், பிறகு தண்ணீருக்கு என்ன வேலை?

அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "மாமா, தண்ணி" என்றாள். குழாய் வெறுமையாக இருந்தபோதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்சுவர் ஓலைதான், காலால் உதைத்தால் பிரிந்துவிடும். அது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

கிணறு அப்படி இல்லை. அது முதலிலேயே நினைவு வந்தது. பக்கத்திலேதான் இருந்தது. துலாவில் வாளி தொங்கியது. கிணறு நிறைய உவர்த் தண்ணீர். உவர்த் தண்ணீரும் நெருப்பை அணைக்கும். கயிற்றைப் பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஊர்க்கிணற்றுத் தண்ணீரில் அவள் பிழைத்தால், நான் தொட்டி கட்டியது எதற்கு என்று சண்முகநாதன் கேட்பானே.

மேளம் நின்றது. அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

நான் அவளைக் கொல்லவில்லை, ஐயா. காப்பாற்றுவதற்குத்தான் கொளுத்தினேன், இதை நான் சொன்னபடியே எழுதுங்கள். குணலட்சுமிக்கும் ஒரு சொல் அனுப்பிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் தொட்டியைத் தேய்த்துக் கழுவட்டும், முதல் மழையை வெளியே விடட்டும், குழாயில் கை வைக்க ஒருவரையும் விடவேண்டாம். அயலில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எல்லாம் ஓலை வீடுகள். ஒரு ஆபத்தென்றால் அவர்களுக்கு என் தண்ணீர்தான் இருக்கிறது.