முதல் ஸலாம்

ஸுஹைரா: ...நீங்கதான் முதல்ல ஸலாம் சொன்னீங்களாமே! உச்சமுனைக் கரை முழுக்க அதுதான் கதை.

தாஹிர்: கரையில உள்ளவங்களுக்கு வேற வேலை இல்லையா? அந்தத் துவாயைத் தா. தலையெல்லாம் உப்பு.

ஸுஹைரா: இந்தாங்க. சொன்னீங்களா, இல்லையா?

தாஹிர்: முதல்ல தேத்தண்ணி.

ஸுஹைரா: பக்கத்துலதான் இரிக்கி. சொல்லுங்க. கூடப் பொறந்த மூத்த நானா. கரையில மீன் வாடி போடுற துண்டு நிலத்துக்காக முகம் முறிச்சீங்க. வாப்பா மவுத்தாகி அடக்கப் போன அன்னைக்குக்கூட சந்தூக்குக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் குடுத்தீங்க, ஒரு சொல்லுக் கதைக்கல்ல. அவருக்கு இண்டைக்கி...

தாஹிர்: பழசை இழுக்காத.

ஸுஹைரா: சரி, இழுக்கல்ல. கடல்ல என்ன நடந்த?

தாஹிர்: இஞ்சின் நிண்டு நானாட போட் சும்மா மிதந்திச்சி. தனியாளு. கிட்டப் போய்க் கயிறை எடுத்தேன். மனிசன் முகத்தை அங்கால திருப்பிக்கிட்டாரு.

ஸுஹைரா: அந்த நெலமையிலயுமா?

தாஹிர்: மீராசாஹிப் நானா எண்டா சும்மாவா? "ஒன்ட கயிறு எனக்கு வேணாம், போ" எண்டாரு. போட்டுக்குள்ள முழங்கால் மட்டும் தண்ணி!

ஸுஹைரா: நீங்களும் அதே ரத்தம்தானே...

தாஹிர்: ஏசத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா... வெளிய வந்தது ஸலாம். "அஸ்ஸலாமு அலைக்கும், நானா" எண்டேன்.

ஸுஹைரா: அல்லாஹ்... பொறகு?

தாஹிர்: பொறகென்ன. ஸலாத்துக்குப் பதில் சொல்லாம இருக்க ஏலுமா? முகத்தை இங்கால திருப்பினாரு. முழுசாச் சொன்னாரு. வபறகாத்துஹு வரைக்கும்.

ஸுஹைரா: அழுதாரா?

தாஹிர்: கடல் தண்ணியா, கண்ணீரா... எனக்கென்ன தெரியும். கயிறை அவரே கட்டினாரு.

ஸுஹைரா: நீங்க?

தாஹிர்: நான் இஞ்சினைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஸுஹைரா: பாத்திருப்பீங்க, பாத்திருப்பீங்க!

தாஹிர்: சிரிக்காத. தாஹிர் தாழ்ந்து போயிட்டான் எண்டு இனி ஊரு சொல்லும்.

ஸுஹைரா: ஆரு சொல்ற? கரையில நிண்ட ஹுனைஸ் மாமா எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு, "இந்தக் காத்துக்குள்ள போட் இறக்க ஒருத்தனும் துணியல்ல, தாஹிர்தான் போனான். போனது மட்டுமா, ஸலாமும் சொல்லிக் கூட்டி வந்தான்" எண்டு. நான் தலை நிமிந்து நடந்து வந்தேன்.

தாஹிர்: ம்... தேத்தண்ணிக்குச் சீனி போதா.

ஸுஹைரா: கதையை மாத்தாதீங்க. இஞ்ச... ஒண்டு சொல்லணும். ஏசக் கூடாது.

தாஹிர்: சொல்லு.

ஸுஹைரா: காலையில சொன்னேனே, பாறைக்கு அங்கால சூடை மீன் நிறையப் படுதாம் எண்டு... அது பொய். உங்கட மதினி, கமறியா ராத்தாதான் எனக்குப் போன் எடுத்தா. சுபஹ் தொழுகைக்கு முந்திப் போன மனிசன் இன்னும் வரல்ல எண்டு... நானும் அவவும் எப்பவும் ஒளிச்சி ஒளிச்சிக் கதைக்கிறதுதான். நானாவைத் தேடிப் போங்க எண்டா நீங்க போக மாட்டீங்களெண்டு...

தாஹிர்: போன்ல மதினி அழுத சத்தம் எனக்கும் கேட்டிச்சி, ஸுஹைரா. கொடியில பாரு... வலையை நான் எடுத்துக்கிட்டே போகல்ல.