நெற்றியில் ஒட்டிய வெள்ளிப் பொட்டு

...இல்லங்க, அந்தம்மா சொன்னத நான் நம்பலதான். ஒன்பது வருஷமா நம்பல. உங்க பொண்ண இப்ப உள்ள வச்சிப் பாக்குறாங்களே, பயிற்சி குடுக்கற அதே டார்லீன் அம்மாதான். நல்லவங்கதான், இல்லேங்கல. ஆனா நீங்க இப்படி வெளிய உக்காந்திருக்காதீங்க. உள்ள போய்ப் பக்கத்துல நில்லுங்க. அன்னிக்கு நான் நிக்கல.

என் தம்பி ஓரெஸ்டுக்கு, பனி மேல ஓட்டுற மோட்டார் வண்டி கவுந்து கழுத்து போச்சு. கை அசையாது, கால் அசையாது, தொண்டையில குழாய், பேச்சும் இல்ல. தலைய மட்டும் கொஞ்சம் திருப்புவான். அதான், தலையாலயே கம்ப்யூட்டர ஓட்டுற சாமான ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தாங்க. மொதல்ல பட்டை மாதிரி ஒண்ணு, வழுக்கி வழுக்கிக் கண்ணு மேல எறங்கிச்சு. அடுத்தது கண்ணாடி மாதிரி. அம்பு திரையோட மூலையில போய் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. மூணாவதுதான் இது. நெத்தியில பருப்பளவு வெள்ளிப் பொட்டு, திரைக்கு மேல கேமரா. தலை போற பக்கம் அம்பு போகும். ஒரு எழுத்து மேல சித்த நிறுத்தினா அது விழும்.

நான் வண்டி எஞ்சினுக்குக் கரண்டு சொருகப் போயிருந்தேன். வெளிய மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிரு. சொருகிச் சூடாக்கலேன்னா எஞ்சின் ஒறஞ்சு கெளம்பாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? திரும்பி வந்தா, உங்க தம்பி எழுதிட்டாரு, வீட்டுக்கு வரலையாம், பராமரிப்பு இல்லத்துலயே இருந்துக்கறாராம்ங்கறாங்க இந்தம்மா.

எப்படிங்க? நாலு நிமிஷம் கழுத்து நிக்காதவன், இருபது நிமிஷத்துல வாழ்க்கையவே முடிவு பண்ணி எழுதிட்டானா? அவன் நாற்காலிக்குச் சாய்வுப்பாதை போட எங்க மாட்டுப்பண்ணை வீட்டுல பலகைகூட வாங்கிப் போட்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் இல்லத்துல, ஒரு பொட்ட என் நெத்தியில ஒட்டிக்கிட்டு அவன் பின்னாடி நின்னேன். அம்பு அவன விட்டுட்டு என்கூட வருதுங்க! கேமராவுக்கு யாரு நெத்தின்னு என்ன தெரியும்? இந்தம்மா எப்பவும் மொதல்ல தன் நெத்தியில ஒட்டித்தான் செஞ்சு காட்டுவாங்க. எடுக்காமலே பின்னாடி நின்னு அவங்களே எழுதியிருந்தா? அதையே புடிச்சிக்கிட்டேன்.

அவங்கிட்டயே கேக்கறதுதானேன்னா... கேட்டேங்க. உன் சமையலுக்குப் பயந்துதான்டான்னு திரையில எழுதறான். அடுத்த வரியிலயே டிவியில ஹாக்கி போடுங்கறான்.

இப்ப அவனோட பழைய கேமரா கெட்டுப்போச்சு, புதுசு பாக்க வந்தோம். அவன ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனப்ப, காலையில நேராவே கேட்டுட்டேன். அந்தம்மா கோவிச்சுக்கல. பழைய ஃபைல எடுத்து, அன்னிக்கு அச்சடிச்ச காகிதத்தக் காட்டினாங்க. அப்பவே நீட்டினாங்களாம், நான்தான் வேண்டாம்னுட்டேனாம். ரெண்டே வரி. கரடி, நான் இங்கயே இருக்கேன். நீ மாட்டப் பாரு.

என்னக் கரடின்னு கூப்புடறவன் உலகத்துல அவன் ஒருத்தன்தான். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்ப அவன்தாங்க எழுதியிருக்கான்.

நிம்மதியாத்தான் இருக்கணும், ஆமா. காகிதத்தக் குடுத்துட்டு வெளிய வந்தவன் மறுபடி உள்ள போனேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அன்னிக்கு நான் வண்டிக்குப் போறதுக்கு முந்தி, என்னால அவன வச்சிப் பாத்துக்க முடியாதும்மா, ஏதாவது சொல்லி நீங்களே வச்சிக்கோங்கன்னு இங்கதான நின்னு அழுதேன்... அப்ப அவன் ரூம் கதவு தெறந்திருந்துச்சான்னு.