ஆறு நாலு, எட்டு அஞ்சு

— மேடம்னு சொல்லாதன்னு எத்தன தடவ சொல்றது? அக்கான்னு கூப்பிடு லா. கதவச் சாத்திட்டு வா பிரபாகர். சாப்டியா?

— இன்னும் இல்லங்க மேடம்… அக்கா.

— தேக்கா மார்க்கெட்டுலேர்ந்து பிரியாணி தாப்பாவ் பண்ணி வச்சிருக்கேன், ரெண்டு பொட்டலம். வேலைய முடி, அப்புறம் சாப்பிடு. நிவேதிதா ரெண்டு மணிக்கு வந்துடுவா.

— நிவேதிதா எங்கக்கா போயிருக்கு?

— தொழிலாளிங்க தங்கற டார்மிட்டரிக்குத்தான். அந்த மருதப்பனப் பாக்க ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டுப் போயிருக்கா. சைட்டுல மூணு விரல் போனவனுக்கு ஆப்பிள யாரு நறுக்கித் தருவா? சும்மா டிராமா லா.

— பாவம்க்கா அவரு.

— பாவந்தான். இன்னும் ஏழு விரல் இருக்குல்ல? ஊர்ல போயி பெட்டிக்கடை வச்சுக்கட்டும். சரி, விஷயத்துக்கு வா. இந்த கம்ப்யூட்டருல தேதி தப்பாக் காட்டுதுன்னு சொன்னேன்ல, என்னன்னு பாத்தியா?

— பாத்தேன்க்கா. அது வந்து… தேதி தப்பில்ல. உங்க லாகின் அமெரிக்கா கணக்குல இருக்கு.

— அமெரிக்காவா? நான் இருக்கறது புக்கிட் பாஞ்சாங்ல, வேல பாக்கறது தேக்காவுல. அமெரிக்கா எங்கேர்ந்து வந்துச்சு?

— புது கம்ப்யூட்டர மொத மொத தொறக்கறப்ப எந்த நாடு, எந்த மொழின்னு கேக்கும்க்கா. நாம மாத்தலன்னா அமெரிக்கான்னு அதுவே வச்சுக்கும். ஜனவரியில இத யாரு தொறந்தா?

— நான்தான். ஏதேதோ கேட்டுச்சு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போயிட்டேன். அதுல என்ன இப்ப?

— அது வந்து… நமக்கு நாள் முன்னாடி, மாசம் பின்னாடி. அமெரிக்காவுல மாசம்தான் முன்னாடி. நீங்க ஏப்ரல் ஆறுன்னு நெனச்சு ‘ஆறு நாலு’ தட்டுறீங்க. கம்ப்யூட்டர் அத ஜூன் நாலுன்னு எடுத்துக்கும். பாக்கறதுக்கு நீங்க தட்டுன மாதிரியே இருக்கும், அதனால கண்ணுக்குத் தெரியாது. கெடு வரதுக்கு ஒரு வாரம் முன்னாடி மணி அடிக்கணும்ல, அது மே கடைசியிலதான் அடிக்கும்.

— அலாமாக், ஐயோ.

— மருதப்பன் அண்ணனோட லெட்டர்ல என்னக்கா போட்டிருந்துச்சு?

— நஷ்டஈட்டுக்கு அவன் கைக்கு டாக்டர் போட்ட பர்சன்டேஜ் பத்தலைனா, ஏப்ரல் ஆறுக்குள்ள ஆட்சேபம் எழுதணும்னு.

— இன்னிக்கு மே பன்னெண்டு.

— எனக்கு காலண்டர் பாக்கத் தெரியும் தம்பி. அவன் கேஸ் முடிஞ்சு போச்சு. நாளைக்கு காலையில முதலாளி வக்கீலக் கூட்டிட்டு வராரு. ஏன் விட்டுப்போச்சுன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். என் லாகின சிங்கப்பூருக்கு மாத்து.

— அது ஒரு நிமிசம்க்கா. டைம் அண்ட் லேங்குவேஜ், ரீஜன்… சிங்கப்பூர். அவ்ளோதான். இப்ப கெடு லிஸ்ட்டத் தொறந்து பாருங்க.

— எல்லாம் மாறிப் போச்சே! மருதப்பனுக்கு நாலு ஆறுன்னு காட்டுது.

— அதான் சொன்னேன். ஜூன் நாலுன்னு அது மனசுல வச்சிருந்தத இப்பத்தான் நம்ம மொறையில காட்டுது. என் பேரும் இதுல இருக்குக்கா. வொர்க் பாஸ் அப்பீல்… அஞ்சு எட்டு.

— ஆகஸ்ட் அஞ்சு. ஏராளமா டைம் இருக்கு.

— அக்கா, அது வந்து… என்னோடதும் திரும்பியிருக்குமோ? நீங்க எட்டு அஞ்சுன்னு தட்டியிருந்தா?

— உன்னுது திரும்பல.

— என் வொர்க் பாஸே மே கடைசியில முடியுது. அப்பீலுக்கு மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் எப்படிக்கா டைம் குடுப்பாங்க? பாஸப் புதுப்பிக்க மாட்டோம்னு வந்த லெட்டர ஏப்ரல்லயே உங்க கையில குடுத்தேன். ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன்.

— ஃபைல் முதலாளி ரூம்ல பூட்டியிருக்கு. இருபத்தி ரெண்டு வருசமா வொர்க் பாஸ் வேலை பாக்குறேன், எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? நான் சொல்றேன்ல, ஆகஸ்ட்தான். உங்கப்பாவுக்கு வாரம் எத்தன டயாலிசிஸ்?

— மூணு.

— நீ இங்க இருந்தாத்தானே அது நடக்கும்? நாளைக்கு வக்கீல் போனதும் மொத வேலையா உன் அப்பீல நானே உக்காந்து எழுதி அனுப்பறேன். இன்னும் ஒரே ஒரு வேல பாக்கி. நிவேதிதா லாகினத் தொற.

— அது எதுக்குக்கா?

— அவளுத அமெரிக்காவுல வை.

— அக்கா?

— காது கேக்கலையா? லிஸ்ட் ரெண்டு பேருக்கும் பொது. தேதிய யார் தட்டினதுன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு நீதானே போன மாசம் சொன்னே? ஆனா யார் லாகின் அமெரிக்காவுல இருக்குன்னு ஒரு சின்னப் புள்ளகூட பாத்துடும்.

— அந்தப் பொண்ணு ஒரு தேதிகூட தட்டலக்கா. டார்மிட்டரி நோட்டீஸ் மட்டுந்தான அடிக்கும்.

— அதான் எனக்கு வசதி. தமிழ்ல நோட்டீஸ் அடிக்கணும்னு பிப்ரவரியில தமிழ் கீபோர்ட் போட்டாளா இல்லையா? மொழி செட்டிங்ஸ்ல அவ கை வச்சது ஆபீஸ் பூரா தெரியும். தமிழ் போடப் போயி எல்லாத்தையும் கெடுத்துட்டான்னு சொன்னா யாரு நம்பமாட்டா?

— அப்ப உங்ககிட்ட ஏதும் சொல்லலையா அது? இந்த மாதிரி விஷயம் அதுக்கு உடனே தெரியுமே.

— சொன்னா. “மேடம், உங்க பக்கம் அமெரிக்கா முறையில இருக்கு, மாத்திடட்டுமா”ன்னு வந்து நின்னா. நேத்து ஊர்லேர்ந்து வந்துட்டு எனக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தராதேன்னு வெரட்டி விட்டேன். பக்கத்துல யாருமில்ல. சாட்சி கிடையாது.

— அக்கா, போன வருசம் நான் டெங்கியில கெடந்தப்ப, அந்தப் பொண்ணு என் ரூம் இருக்கற சுவா சூ காங் வரைக்கும் தினமும் கஞ்சி கொண்டாந்து குடுத்துச்சு. நாலு நாள். ரூம்ல இருந்தவன்கூட எட்டிப் பாக்கல.

— நல்ல பொண்ணு லா, நான் கெட்டவள்னு சொன்னேனா? எம்பிஏ படிச்சவ, வயசு இருக்கு, ஊர்ல வேற வேல கெடைக்கும். உனக்குக் கெடைக்குமா? உங்கப்பாவோட மெஷினு காத்துக்கிட்டு இருக்குமா? பிரியாணி ஆறுது.

— அது படிச்ச பொண்ணுதான். எப்படியும் பொழைச்சுக்கும்.

— ஆங், இப்பத்தான் மனுசனாப் பேசுற.

— பாஸ்வேர்ட் வேணும்க்கா.

— இந்தா, எழுதி வச்சிருக்கேன். எல்லாரோட பாஸ்வேர்டும் என்கிட்ட இருக்கணும்னு வாங்கி வச்சது இதுக்குத்தான். வேகமா தட்டு.

— தொறந்துடுச்சு. இது சிங்கப்பூர்லதான் இருக்குக்கா, சரியா வச்சிருக்கு.

— அதான் மாத்தச் சொல்றேன்.

— மாத்திட்டேன்.

— நல்லாப் பாரு. தேதி அமெரிக்கா மாதிரி வருதா?

— வருது. மே பன்னெண்டு, அஞ்சு பன்னெண்டுன்னு காட்டுது.

— கெட்டிக்காரன். ஐயோ, இரு இரு. அந்த மஞ்சக் கட்டம் என்னது? ஸ்க்ரீன் ஓரத்துல தமிழ்ல எழுதியிருக்கே.

— ஞாபகக் குறிப்புக்கா. அத வச்சுத்தான் நோட்டீஸ் அடிக்கும்போல.

— படி. நான் ஸ்கூல்ல மலாய் எடுத்தவ, எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டினாலும் வராது. வக்கீல் கண்ணுல படற மாதிரி ஏதாவது இருந்தா அழிச்சுடு.

— “உயரத்தில் வேலை செய்பவர்கள் இடுப்புக் கயிறு கட்டாமல் ஏற வேண்டாம். நாளை ஒட்ட வேண்டும்.”

— அது இருக்கட்டும். அடுத்தது?

— “மருதப்பன் அண்ணன் கடைசி நாள் ஏப்ரல் ஆறு. மேடத்திடம் மார்ச் இருபதில் சொன்னேன், இருபத்தெட்டில் சொன்னேன். ‘மணி அடிக்கும், உன் வேலையைப் பார்’ என்றார்.”

— அழி. அழிச்சியா?

— அழிச்சுட்டேன்.

— இன்னொண்ணு இருக்கே கீழ. ஏன் நிறுத்திட்டே? படி லா, பிரபாகர்!

— “பிரபாகர் அண்ணன் அப்பீல். கடைசி நாள் மே எட்டு. லிஸ்டில் ஆகஸ்ட் என்று கணக்காகும், நம்பக் கூடாது. மேடத்திடம் மூன்று முறை சொல்லியாயிற்று. அண்ணனிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று மிரட்டுகிறார். எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.”

— ம்.

— மே எட்டு. போன வெள்ளிக்கிழமை.

— கத்தாத. நகரு, அதையும் நானே அழிச்சுடறேன்.

— அக்கா, மே எட்டு முடிஞ்சு போச்சுக்கா! ஆகஸ்ட்னு சொன்னீங்களே! எங்கப்பாவோட… அக்கா, எப்ப தெரியும் உங்களுக்கு?

— அவ சொன்னப்ப நம்பல. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். லெட்டர எடுத்துப் பாத்தேன்.

— வெள்ளிக்கிழமையே தெரியுமா? அன்னிக்கே அனுப்பியிருக்கலாமே! சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்துருக்குமே!

— அனுப்பியிருந்தா, மருதப்பனுத மட்டும் ஏன் விட்டேன்னு என்னத்தான் கேட்டிருப்பாங்க. ரெண்டும் போனாத்தான் கம்ப்யூட்டர் கோளாறு. ஒண்ணு போனா இந்த சந்திரமதியோட கோளாறு. யோசிச்சுப் பாத்தேன், வேற வழி இல்ல.

— நான் முதலாளிகிட்டப் போறேன். இப்பவே போறேன். எல்லாத்தையும் சொல்றேன் அக்கா, ஒண்ணு விடாம சொல்றேன்!

— ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடு. போய்ச் சொல்லு, யாரு வேணாங்கறா? என் கம்ப்யூட்டர் சிங்கப்பூர்ல இருக்கு, அவளுது அமெரிக்காவுல இருக்கு, அவ எழுதி வச்சதும் அழிஞ்சு போச்சு. மூணுலயும் பட்டது உன் கை. வேற ஆளு கெடைக்காமலா உன்னக் கூப்பிட்டேன்?